விறகு வில்

எங்கள் வம்சத்தில் உளி பிடிக்கத் தெரியாத முதல் ஆண்பிள்ளை நான்தான். அப்பா முதுகுளத்தூர் பக்கம் தச்சு ஆசாரி. நிலை, ஜன்னல், மாட்டு வண்டி என்று சுற்றுவட்டாரத்தில் அவர் கை படாத வீடு குறைவு. ஆனால், சின்ன வயதில் நான் ஆசையாக உளியைத் தொட்டால் போதும்... "கீழ வைடா! நீ பேனா பிடிக்கப் பொறந்தவன்" என்று ஒரு அதட்டல் விழும். பிடித்தேன். பி.காம். முடித்தேன். இப்போது மதுரையில் உட்கார்ந்து உங்களுக்கு இப்படி எழுதிக் கொண்டிருக்கிறேன். (யார் செய்த பாவமோ, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்!)

2024 செப்டம்பரில் வந்தது வினை. பாரிஸ் பாராலிம்பிக்கில், இரண்டு கைகளும் இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து அம்பு விட்டு, ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கினாரே... அதை டி.வி.யில் பார்த்த என் ஏழு வயது மகள் "எனக்கும் வில்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். இன்னொரு கால் வில் பிடிக்க வேண்டுமாம்! கடையில் வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் வில், சரியாகக் கால் மணி நேரம் உயிரோடு இருந்தது.

"விடுப்பா. தாத்தா செஞ்சு தருவாரு" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. தாத்தாவுக்கு எழுபத்துநாலு. கை நடுக்கம் ஆரம்பித்த அன்றே உளிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். அந்தப் பேச்சை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். இதெல்லாம் குழந்தைக்குத் தெரியுமா? போனைப் போட்டு அவளே கேட்டுவிட்டாள். மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மரத்துக்கு எங்கத்தா போறது?" என்றார்.

நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இருப்பது ஒரே மரம். சீமைக் கருவேலம்! 1870களில் விறகுக்கு ஆகுமென்று வெள்ளைக்காரன் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்தான். 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டது. ஊரே திரண்டு வெட்டியது. அடுத்த மழைக்கு அது ஊரைவிட உற்சாகமாகத் தழைத்தது.

"அது விறகுடா. அதுல நான் ஒரு ஆணிகூட அடிச்சதில்லை" என்றார் அப்பா.

"நானும்தான் அடிச்சதில்லை" என்றேன். முதல் தடவையாக இருவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தோம்.

கரிமூட்டம் போடுகிறவரிடம் சொல்லி வைத்து, முள்குத்து வாங்கி, அஞ்சடிக்கு நேராக ஒரு தடி பிடிப்பதற்குள் ஒரு மாதம். அந்த மரத்துக்கு நேராக வளருவதென்றால் அவமானம் போலிருக்கிறது! ஆப்பு வைத்து நெடுக இரண்டாகப் பிளந்து, வெடிக்காமலிருக்க முனைகளில் பெயின்ட் அடித்து, நிழலில் போட்டோம். சித்திரை வரை காய்ந்தது. காய்ந்தால் அதிகம் முறுக்காத மரம். அந்த மட்டில் யோக்கியன்.

சித்திரையில் பரணிலிருந்து பெட்டி இறங்கியது. கூடவே சண்டையும்.

மரத்தின் ஓரமாக இருக்கும் வெள்ளையைச் செதுக்கி எறியச் சொன்னார் அப்பா. "உளுத்துப் போகும்டா. எவனாவது வெள்ளையோட நிலை செய்வானா?" நிலைக்குச் சரி. வில்லுக்கு அந்த வெள்ளைதான் முதுகு. இழுக்கும்போது முதுகு நீளும், நம்மைப் பார்க்கிற வயிறு நசுங்கும். முதுகில் நார் அறுந்தால் கதை முடிந்தது. அதனால் பட்டையை மட்டும் உரித்துவிட்டு, செதுக்குவதையெல்லாம் வயிற்றுப் பக்கம்தான் செதுக்க வேண்டும். இங்கிலாந்துக்காரன் யூ மரத்தில் வில் செய்தபோதும் வெள்ளை வெளியே, வைரம் உள்ளே. 1545ல் மூழ்கி, 1982ல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட வில்கள் அப்படியே கிடைத்தன. படித்ததை எல்லாம் ஒப்பித்தேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கே மரம் சொல்லித் தர்றியா?" கோபமில்லை. கிட்டத்தட்ட சந்தோஷம்.

முதல் பாதியை நான் கெடுத்தேன். கிணற்று உருளையில் கயிறு போட்டு வில்லை இழுத்துப் பார்த்தால், வலது கை நன்றாக வளைகிறது, இடது கை விறைத்துக்கொண்டு நிற்கிறது. முதுகு பற்று, வயிறு வரவு, இரண்டு கையும் டேலி ஆகணும்... இந்த அளவுக்குப் புரிந்த பி.காம். மூளைக்கு, எந்தப் பக்கம் செதுக்குவது என்பதில் கோட்டை விட்டது. நன்றாக வளைகிற கையையே மேலும் செதுக்கினேன். அதுவும் கணு பக்கத்தில். அடுத்த இழுப்பில் 'டமால்!' பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மகள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். அழுதிருக்கலாம்.

அப்பா திட்டவில்லை. உடைந்த துண்டைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "கணுவைச் சுத்திக் கொஞ்சம் சதை விடணும்டா. வளையறவனை விட்டுடு. வளையாதவனைச் செதுக்கு."

மிச்சமிருந்தது ஒரே பாதி. அப்பா உளியை எடுத்தார். நுனி மரத்தின் மேல் தடதடவென்று தாளம் போட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, எதுவும் பேசாமல் என் பக்கம் நீட்டினார். நான் செதுக்க, அவர் விரல் நுனியால் தடவி "இங்க ரெண்டு இழை... போதும்... போதும்னு சொன்னேன்ல!" என்று விரட்ட, மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசி வேலை முழுக்க உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டல்தான். தூள் மூக்கில் ஏறி நான் போட்ட தும்மல்கள் தனிக் கணக்கு.

நைலான் நாண் கட்டி, நுனியில் துணி சுற்றிய நாணல் அம்பை மகள் விட்டாள். காலால் அல்ல, கையால்தான். (காலால் முயன்று இரண்டு தடவை மல்லாந்த பிறகு!) அம்பு கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டிக்குள் புகுந்து நின்றது. வில் உடையவில்லை. நான் மூச்சு விட்டேன்.

அப்பா அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, நான் பிடித்த உளியின் வாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மழுங்கடிச்சு வச்சிருக்கே... அடுத்த ஞாயித்துக்கிழமை வெள்ளனமே வா. தீட்டக் காட்டித் தர்றேன்."