சுருட்டைப் பற்ற வைப்பது எப்படி?

திருச்சியில் ஒரு கல்லூரி ஹாஸ்டல். மொட்டை மாடியில் நாலு பேர். துபாயிலிருந்து வந்த பெரியப்பா ஒருவர், "பரீட்சை முடிஞ்சதும் கொண்டாடுங்கடா" என்று தங்கக்கலர் பட்டை சுற்றிய இரண்டு சிகார்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆறு அங்குல நீளம், கட்டை விரல் தடிமன். அதன் விலையைக் கேட்டால் மெஸ் பில் ஞாபகத்துக்கு வரும்!

நாலு பேரில் ஒருவன் சினிமாவில் பார்த்த மாதிரி நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினான். இன்னொருவன் தீக்குச்சியைக் கிழித்து, சிகரெட்டுக்குக் காட்டுவது போல நேராக நெருப்பை முனையில் வைத்தான். முதலாமவன் கன்னம் ஒட்ட இழுத்தான். பற்றவில்லை. ஏழு குச்சி காலியான பிறகு ஒரு ஓரமாகப் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் எரிந்து எரிந்து உள்ளே போக, மறுபக்கம் இலை அப்படியே பச்சைப்பிள்ளை மாதிரி நின்றது. மேலிருந்து பார்த்தால் குடைந்த படகு போல இருந்தது. வாயெல்லாம் கசப்பு. ஐந்தாவது நிமிடத்தில் சிகார் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.

"இதுக்கா இவ்வளவு காசு?" என்றான் கடித்துத் துப்பியவன்.

நாலாவது ஆள் உறையூர்க்காரன். அவன் மட்டும் சிரித்தான். "எங்க தாத்தா பாத்திருந்தா அழுதிருப்பாருடா" என்றான்.

படகு மாதிரி எரிந்ததற்குக் காரணம் எளிது. சிகரெட் தானாக எரிவதற்கென்றே செய்யப்பட்ட சாமான். பொடிப்பொடியாக நறுக்கிய புகையிலை, காற்றுப் புகும் காகிதம், அந்தக் காகிதம் சீராக எரிய அதில் சேர்க்கிற ரசாயனம். நெருப்பைக் காட்டினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். சிகாரில் அந்த உபகாரம் எதுவும் கிடையாது. உள்ளே மடித்துத் திணித்த நீள இலைகள், அவற்றைப் பிடித்துக் கட்ட ஒரு இலை, எல்லாவற்றுக்கும் மேலே அழகாகச் சுற்றிய மெல்லிய இலை. மூன்றும் மூன்று விதமாக எரியும். போதாக்குறைக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றப்பட்டது. அந்த ஈரத்தோடு ஒரு ஓரத்தில் நெருப்பை வைத்து இழுத்தால், காய்ந்த ஓரம் மட்டும்தான் எரியும்.

அதனால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் வாயில் வைக்கவே மாட்டார்கள். கையில் பிடித்துக்கொண்டு, முனையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து, சுடரின் நுனிக்கு ஒரு விரற்கடை மேலே காட்டுவார்கள். சுடர் இலையைத் தொடக்கூடாது. அனல் மட்டும் படவேண்டும். அப்பளத்தைச் சுடுகிறவர்கள் திருப்பித் திருப்பிக் காட்டுவார்களே, அதே போலச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அரை நிமிடத்தில் விளிம்பு முழுவதும் வட்டமாகக் கறுக்கும், லேசாகப் புகை வரும். அப்போதுதான் வாய்க்குப் போகும். நெருப்பை அதே தூரத்தில் வைத்துக்கொண்டு, சுற்றியபடியே மெல்ல மெல்ல இழுத்தால் சுடர் தானே எம்பி முனையைத் தொடும். பிறகு எடுத்து முனையை ஊதிப் பார்ப்பது. அடுப்புக் கரியை ஊதினால் சிவக்கிற மாதிரி வட்டம் முழுக்கச் சிவந்தால் சரி. எங்காவது கறுப்பாகத் திட்டு தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு முறை அனல் காட்டவேண்டும்.

இவ்வளவுதான் வித்தை. மற்றதெல்லாம் எந்த நெருப்பு என்கிற சண்டை!

தீக்குச்சிக்கு ஒரு தனிப் பிரச்னை உண்டு. அதன் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். கிழித்தவுடன் சீறிக்கொண்டு வருகிற நெடி அதுதான். அந்த நொடியில் சிகாரைக் காட்டினால் முதல் இழுப்பிலேயே கந்தகம் வாய்க்கு வந்துவிடும். மருந்து எரிந்து முடிந்து, மரம் எரிய ஆரம்பிக்கும்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் நம்மூர்க் குச்சியில் பாதி காலி, விரலும் சுடும். சிகார்க்காரர்கள் நீளக் குச்சி கேட்பதற்கு இதுதான் காரணம், பந்தா இல்லை. நீளக் குச்சி கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று குச்சிகளைச் சேர்த்துப் பிடித்துக் கிழிக்கலாம்.

பெட்ரோல் ஊற்றும் லைட்டர் வேண்டவே வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. 1930களிலிருந்து வருகிற ஜிப்போ காற்றுக்கு அணையாது, பார்க்கவும் கம்பீரம். ஆனால் அந்த எண்ணெய் வாடை இலையில் ஏறும். பியூட்டேன் கேஸ் லைட்டரில் அந்த வாடை இல்லை. ஊதுகுழாய் மாதிரி நீலச் சுடர் பீய்ச்சுகிற டார்ச் லைட்டர்கள் மொட்டை மாடிக்கும் கடற்கரைக்கும் சௌகரியம்தான். ஆனால் அதன் சூடு தாளாமல் முனை கருகிவிடும், அந்தக் கருகல் ருசி கடைசிவரை போகாது. (லைட்டர் என்றதும் கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் முகம் சுளிப்பார்கள். இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டதற்குத் தீப்பெட்டிக்காரர்களின் போராட்டமும் ஒரு காரணம்.)

ரொம்ப நாசூக்கானவர்களுக்கு மரச்சீவல். சிகார்ப் பெட்டிக்குள் தாள் போல மெல்லிசாக ஒரு மரத் தகடு இருக்கும். ஸ்பானிஷ் சிடார் என்று பெயர். பெயரில்தான் சிடார், உண்மையில் அது நம் வேப்ப மரத்தின் குடும்பம். அதைக் குச்சி குச்சியாகக் கிழித்து, ஒன்றைக் கொளுத்தி, அந்தச் சுடரில் சிகாரைப் பற்ற வைப்பார்கள். பெட்டியில் இருந்தபோதே சிகாரில் ஏறிய வாசனைதான் என்பதால் ருசி கெடாது. ஒரு நெருப்பைப் பற்ற வைக்க இன்னொரு நெருப்பு!

மெழுகுவர்த்தி கூடவே கூடாது, மெழுகு வாடை ஏறும் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற விதி. ஆனால் உலகத்திலேயே பிரபலமான சிகார்க்காரரான வின்ஸ்டன் சர்ச்சில் பக்கத்தில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டுதான் பற்ற வைப்பார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெட்டும் கருவியும் கிடையாதாம். நுனியை நனைத்து, நீளத் தீக்குச்சியால் குத்தி ஓட்டை போட்டு, மறுமுனையிலிருந்து ஊதிப் பார்த்துவிட்டு மெழுகுவர்த்தியில் காட்டுவாராம். பாதியில் அணைந்தால் திரும்பவும் அதே மெழுகுவர்த்தி. விதிகளை எழுதுகிறவர்கள் யாரும் அவரிடம் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை.

அதே சர்ச்சில் திருச்சிச் சுருட்டின் ரசிகர் என்றும் சொல்லப்படுவதுண்டு. திருச்சிக்காரர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அவர் சொல்லித்தான் திருச்சிச் சுருட்டுக்குப் பெயர் வரவேண்டும் என்றில்லை. 1887-இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, கொலை நடந்த அறையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிகிறார் ஹோம்ஸ். லண்டன் வாசகனுக்கு அந்தப் பெயரை விளக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆங்கிலத்தில் இருக்கும் 'ஷெரூட்' என்கிற சொல்லே நம்முடைய 'சுருட்டு'தான்.

சுருட்டுக்கும் சிகாருக்கும் பற்ற வைப்பதில் பெரிய வித்தியாசம், சுருட்டுக்கு இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும். கடிக்கவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். சிகாரைவிட உலர்ந்ததும்கூட. சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் வயலிலும் வண்டியிலும் வேலை செய்கிற ஆளுக்குக் காற்றுதான் எதிரி. ஒரே குச்சியில் பற்ற வைக்க வேண்டும், இரண்டாவது குச்சி வீண் செலவு. அதனால் காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இரண்டு உள்ளங்கையும் கிண்ணமாக்கி, அதற்குள் குச்சியைக் கிழித்து... கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும்.

உறையூர்க்காரனின் தாத்தா வீட்டில் இருக்கும்போது குச்சியே கிழித்ததில்லை. அடுப்பிலிருந்து பாட்டி இடுக்கியில் ஒரு தணல் எடுத்துக் கொடுப்பாள். அதை ஊதிச் சிவக்க வைத்து, சுருட்டின் முனையை அதற்கு நேரே பிடித்து உருட்டுவார். சுடர் கிடையாது, கந்தகம் கிடையாது, எண்ணெய் கிடையாது, வெறும் அனல். வேப்பங்குடும்பத்து மரச்சீவலை வைத்துக்கொண்டு எதைச் சாதிக்கப் பாடுபடுகிறார்களோ அதைவிடச் சுத்தமான முறை இது. அவருக்கு அது ஒரு முறை என்றே தெரியாது. தீப்பெட்டி மிச்சம், அவ்வளவுதான்.

அணைந்ததைத் திரும்பப் பற்ற வைப்பதிலும் அவர் கெட்டி. பாதிச் சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு போவார். மாலையில் எடுத்து, சாம்பலைத் தட்டிவிட்டு, பற்ற வைக்கும் முன் வாயில் வைத்து ஒரு ஊது ஊதுவார். உள்ளே தேங்கியிருக்கும் பழைய புகை வெளியே போய்விடும். சிகார்க்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் பற்ற வைத்துவிடு என்று ஒரு எச்சரிக்கையோடு. காலைச் சுருட்டை மாலையில் பிடிக்கிறவருக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது.

எல்லாவற்றையும்விட விசித்திரமான முறை ஆந்திராவில். ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் பெண்கள் 'சுட்டா' பிடிப்பார்கள். வழக்கம் போலப் பற்ற வைத்து, முனை நன்றாகக் கனன்றதும் திருப்பி நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக்கொண்டு உதட்டை மூடிவிடுவார்கள். காற்றுக்கு அணையாது, சாம்பல் துணியில் விழாது, வெகுநேரம் வரும். ஆனால் மற்ற இடங்களில் அரிதாகவே வருகிற மேலண்ணப் புற்றுநோய் இந்தக் கிராமங்களில் ஏராளம். 1960களிலிருந்து மருத்துவர்கள் அங்கே போய் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

நெருப்பு வெளியே இருந்தால் மட்டும் தப்பித்துவிடலாம் என்றில்லை. 'நான் புகையை உள்ளே இழுப்பதில்லை' என்பது சிகார்க்காரர்கள் எல்லோரும் சொல்கிற சமாதானம். சிகார்ப் புகை காரத்தன்மை உடையது, அதன் நிக்கோட்டின் நுரையீரலுக்குப் போகவே வேண்டாம், வாயின் தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். ஒரு பெரிய சிகாரில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கமுடியும். மன நோய்களைப் படித்த சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு 1923-இல் வாயில் புற்று கண்டுபிடித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். ஆனாலும் சிகாரை விடமுடியவில்லை. முனையைக் கறுக்க வைப்பதில் இவ்வளவு நிதானம் காட்டுகிற மனிதர்கள், அது வாய்க்குள் என்ன செய்கிறது என்று பார்ப்பதில் ஏன் இவ்வளவு அவசரமோ!

மீதி இருந்த ஒரு சிகாரை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் உறையூர் போனார்கள். பேரன் ஒரு விஷயத்தை வழியில்தான் சொன்னான். தாத்தாவுக்குக் கன்னத்தில் புண் வந்து ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம். வாய் பாதிதான் திறக்கும். சுருட்டை விட்டாகிவிட்டது.

"அப்புறம் எதுக்குடா இதைக் கொண்டு போறோம்?" என்றான் கடித்துத் துப்பியவன்.

"சும்மா காட்டத்தான்."

திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சிகாரை வாங்கி மூக்கருகே பிடித்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் உருட்டிக் கேட்டார். "ஈரம் இருக்கு தம்பி" என்றார், சொற்கள் ஒரு பக்கமாக வழிந்து வந்தன. பட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். பாட்டியின் பாக்குவெட்டியைக் கேட்டு வாங்கி, நுனியில் ஒரு மயிரிழை அளவு, ஒரே வெட்டு. கடைகளில் ஆயிரக்கணக்கில் விற்கிற சிகார் வெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு. தணல் கிடையாது. கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பேரன் ஓடிப்போய் இடுக்கியில் ஒரு துண்டு எடுத்து வந்தான். "ஏங்க, என்ன பண்றீங்க?" என்று பாட்டி வாசலுக்கே வந்துவிட்டாள். அவர் கையமர்த்தினார். முனையைத் தணலுக்கு நேரே பிடித்து உருட்ட ஆரம்பித்தார். உருட்டல் என்றால் கண்ணுக்கே தெரியாத உருட்டல். யாரும் பேசவில்லை. விளிம்பு கறுத்தது, நடுவும் கறுத்தது. முகத்துக்கு நேரே தூக்கி, திறக்கிற பக்கத்தால் மெல்ல ஊதினார். ஒரு திட்டுகூட இல்லாமல் வட்டம் முழுக்கச் சிவந்தது.

கடித்துத் துப்பியவனிடம் நீட்டினார். அவன் பாட்டியைப் பார்த்தான், தாத்தாவின் கன்னத்தைப் பார்த்தான். வாங்கவில்லை. மற்ற இருவரும் வாங்கவில்லை. பேரன் தலையைக் குனிந்துகொண்டான்.

தாத்தா வற்புறுத்தவில்லை. திண்ணை ஓரத்தில், முனை வெளியே தெரியும்படி சிகாரை வைத்தார். இழுக்க ஆளில்லாத நெருப்பு. சாம்பல் வெள்ளையாக, நேராக, ஒரு விரற்கடை வளர்ந்தது. பிறகு அணைந்துவிட்டது.

பாட்டி பாக்குவெட்டியை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டே, "காப்பி சாப்பிடுறீங்களாப்பா?" என்று கேட்டாள்.