பசளையற்ற பெரும்போகம்: படுவான்கரை நாட்குறிப்பு

2021 செப்டம்பர் 26

இரசாயனப் பசளை, பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதியைத் தடைசெய்து கடந்த மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் ஒரு முழுப் போகத்தின் ஒழுங்கையே குலைத்திருக்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் கடலோரப் பக்கம் எழுவான்கரை எனவும், மேற்கே அது படும் வயற்பக்கம் படுவான்கரை எனவும் வழங்கப்படுகின்றன. வடகீழ்ப் பருவமழையோடு விதைத்துத் தை, மாசியில் அறுக்கும் பெரும்போகமே படுவான்கரை வீடுகளின் ஆண்டு வரவைத் தீர்மானிப்பதால், இம்முறை நேர்வது எதுவாயினும் அது திகதியோடு எழுதிவைக்கப்படல் வேண்டும். பெருந்தொற்றினால் வளைகுடா நாடுகளில் வேலையிழந்து திரும்பிய இளைஞர்கள் பலர் ஊரடங்கின் நடுவே வயலை நோக்கித் திரும்பியிருக்கும் வேளையிலேயே இத்தடையும் வந்து சேர்ந்திருப்பது கூடுதல் கவலைக்குரியது.

ஒக்டோபர் 8

குளமொன்றின் பெரும்போக ஆரம்பக் கூட்டம் இன்று நடைபெற்றது. குளத்து நீரைத் திறக்கும் நாள், விதைப்பை முடிக்கவேண்டிய கடைசி நாள், வயற்பிரதேசத்திலிருந்து மாடுகளை அப்புறப்படுத்தவேண்டிய நாள் ஆகியவற்றை நீர்ப்பாசன, கமநல, விவசாயத் திணைக்கள அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடித் தீர்மானிப்பதும், அத்தீர்மானம் அப்போகம் முழுவதும் எல்லோரையும் கட்டுப்படுத்துவதுமே இக்கூட்டத்தின் சிறப்பாகும். ஏர்ப்பூட்டு விழா, வயல் விழா, அறுவடை விழா எனப் பல நிகழ்வுகள் இம்மாவட்டத்தில் நடந்தாலும் முடிவெடுக்கும் நிகழ்வு இது ஒன்றே.

முன்வரிசையில் வட்டவிதானைமார், அதாவது ஒரு வட்டை என்னும் வயற்கண்டத்தின் நீர்ப்பங்கீட்டையும் வேலியையும் கவனிக்கும் பொறுப்பாளர்கள், அமர்ந்திருந்தனர். அவர்களுக்குப் பின்னால் போடியார் எனப்படும் பெருநிலக்காரக் குடும்பங்களின் முதியவர்களும் சிறு காணிக்காரரும் இருந்தனர். உழவு இயந்திரத்தை ஓட்டப்போகிறவர்களும், விதைத்து மருந்தடித்து இரவில் யானைக்குக் காவலிருக்கப்போகிறவர்களுமான இளைஞர்களோ வெளியே மரத்தடியில் மோட்டார் சைக்கிள்களின் மீது இருந்தனர். கத்தாரிலிருந்து திரும்பிய ஒருவர் மட்டும் வாசலருகே வந்து நின்று, மாடுகளையெல்லாம் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்கு ஏற்றிவிட்டால் சேதனப் பசளைக்கு வேண்டிய எரு எங்கிருந்து வரும் என்று கேட்டார். சேதனப் பசளை என்பது உயிர்ப்பொருள்கள் மக்கிப் பெறப்படுவது. அதற்கு முதற்பொருள் சாணம். அச்சாணத்தைத் தரும் கால்நடையோ வயலுக்கு அது தேவைப்படும் மாதங்களிலேயே தொலைவில் நிற்கும். இன்றைய கூட்டத்தின் மிகக் கூர்மையான கேள்வி அதுவாகவே இருந்தது.

“அப்பா வரல்லையா தம்பி?” என்று முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் அன்பாகவே விசாரித்தார். எருவைப் பற்றிய கேள்வி கூட்டக் குறிப்பில் பதியப்படவில்லை.

ஒக்டோபர் 11

மழை இல்லை.

ஒக்டோபர் 23

வாவியின் நன்னீர்ப் பகுதியில் அடைந்துகிடக்கும் ஆற்றுவாழை என்னும் நீர்க்களையை இழுத்துக் கரைசேர்த்துக் கூட்டுப் பசளையாக்கும் சிரமதானம் காலை முதல் நடந்தது. இடுப்பளவு நீரில் நின்று வேலைசெய்த இளைஞர்களின் உற்சாகம் கரையில் நின்றோரையும் தொற்றிக்கொண்டதாகவே சொல்லவேண்டும்; மதியத்துக்குப் பகிர்ந்த சோற்றோடு அது ஒரு திருவிழாவாகவே மாறியது.

ஆயினும் கணக்கு இரக்கமற்றது. 50 கிலோகிராம் யூரியா மூடை ஒன்றில் 46 வீதம், அதாவது 23 கிலோகிராம் நைதரசன் இருக்கிறது. நன்றாக மக்கிய கூட்டுப் பசளையில் அது பெரும்பாலும் 1 முதல் 2 வீதமே என்பதால், ஒரு மூடை யூரியாவின் நைதரசனைத் தருவதற்கு ஒரு தொன்னுக்கும் இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட அளவுக்கும் இடையில் கூட்டுப் பசளை வேண்டும். அதுவும் நைதரசனை மெதுவாகவே விடுவிப்பதால், மூன்றரை மாதத்தில் முற்றும் பிஜி 94-1 போன்ற நெல்லினங்கள் பசித்திருக்கும் கிழமைகளில் அது முழுமையாகக் கைகொடுக்காது. மண்ணை ஆண்டுக்கணக்கில் வளப்படுத்தும் நல்ல முறையொன்று ஒரே போகத்துக்குள் திணிக்கப்பட்டதால் அம்முறைக்கே இழுக்கு நேர்ந்துவிடும் என்ற அச்சம் இன்றைய மகிழ்ச்சிக்கு இடையிலும் அகலவில்லை.

நவம்பர் 26

தடை நேற்று முன்தினம் விலக்கிக்கொள்ளப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. யூரியா எங்கும் இல்லை.

டிசம்பர் 3

வாவி ஏறிவிட்டது. கடலோடு வாவி கலக்கும் முகத்துவாரம் கோடையில் மணல்மேடிட்டு மூடிக்கொள்வதும், மாரியில் குளங்கள் வழிந்து ஆற்றுநீர் வந்துசேரும்போது கரையோர வயல்கள் மூழ்குவதும், அப்போது மணல்மேட்டை வெட்டித் திறக்குமாறு விவசாயிகள் கேட்பதும் இப்பிரதேசத்தின் நெடுங்கால வழக்கம். மீனவரின் கணக்கு வேறு: வெட்டும் நேரமும் இடமும் இறாலும் மீனும் வாவிக்குள் நுழைவதையும் வெளியேறுவதையும் மாற்றிவிடும். ஒரே வீட்டில் அண்ணன் வயலிலும் தம்பி தோணியிலும் தொழில் செய்யும் ஊர்களில் இது வீட்டுக்குள்ளேயே நடக்கும் வழக்காடலாகிவிடுகிறது. நீர்மட்டத்தைக் கைப்பேசியில் படமெடுத்து இரு தரப்புக்கும் அனுப்பிக்கொண்டிருந்த இளைஞர்களைக் காணும்போது, இவ்விரண்டு தொழில்களையும் ஒருசேரப் பார்க்கும் தலைமுறை உருவாகிவிட்டதென்ற நம்பிக்கை பிறக்கிறது. நாளை அது நிலைக்குமா என்பது வேறு விடயம்.

டிசம்பர் 19

வயல் விழாவொன்று நடந்தது. வயல் விழா என்பது புதிய இனத்தையோ செய்கை முறையையோ ஒரு விவசாயியின் வயலிலேயே செய்துகாட்டி, அயல் விவசாயிகளை அழைத்து விளக்கும் விரிவாக்க முறையாகும். இலை நிற அட்டை, அதாவது நெல்லிலையின் பச்சையை அட்டையின் நிறப்பட்டைகளோடு ஒப்பிட்டு நைதரசன் குறைவை அறியும் எளிய கருவி, கைமாறி வந்தது. அட்டையின் மிக வெளிறிய பட்டைக்கும் கீழாக வெளிறியிருந்தது வயல். கற்றது உண்மையான கல்வி. அதைக் கொண்டு செய்வதற்குக் கையில் எதுவும் இல்லாத நாளில் அது வந்து சேர்ந்தது. தொப்பியணிந்த இளைஞர்களை வரிசையில் நிறுத்திப் படமெடுத்த பின்னர் விழா கலைந்தது.

டிசம்பர் 27

மஞ்சள். எங்கு பார்த்தாலும் மஞ்சள்.

2022 ஜனவரி 18

தைப்பூசம். புதுநெல்லைக் குற்றிப் பொங்கிப் படைத்து உண்ணும் புதிர் எடுத்தல் இன்று வழக்கம்போல் நடந்தது. கத்தாரிலிருந்து திரும்பிய இளைஞரின் வீட்டில் முதற்பிடிச் சோறு அவர் கையாலேயே பரிமாறப்பட்டது. அவருடைய அம்மாவின் முகத்தில் இன்று இருந்த நிறைவை எந்த விளைச்சற் கணக்கும் அளக்காது. நெற்குலை சிறிது, சாவி, அதாவது பாலேறாத பதர், அதிகம்.

ஜனவரி 29

பாதிக்கப்பட்ட நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க அமைச்சரவை முடிவெடுத்த செய்தி ஊரெங்கும் பேசப்படுகிறது. அது யாருடைய பெயருக்கு வரும் என்று அறிய, அவ்விளைஞர் அலுவலகமொன்றுக்குச் சென்று, பதிவேட்டில் உள்ள பெயருக்கே என்ற பதிலோடு திரும்பினார்.

இவ்விடத்தில் மட்டக்களப்பின் காணி வழக்கத்தை விளக்குவது அவசியம். தாய்வழிக் குடிமுறை நிலவும் இப்பிரதேசத்தில் வீடும் வயலும் பெரும்பாலும் பெண்மக்களுக்குச் சீதனமாக எழுதப்படுகின்றன. பெண்ணுக்குப் பாதுகாப்பளிக்கும் இவ்வழக்கம் போற்றத்தக்கது. அதே வழக்கத்தின்படி, மணமாகாத மகன் செய்யும் வயல் தாயின் பெயரிலோ அக்கா தங்கையின் பெயரிலோ இருக்கும். அவன் கையில் நிலைப்பது உழைப்பு மட்டுமே. இவ்விளைஞர் செய்த இரண்டு ஏக்கரில் ஒன்று தங்கைக்குரியது. மற்றையது எழுவான்கரையில் வசிக்கும் ஒருவரிடமிருந்து வாய்ச்சொல்லாகப் பெற்ற ஒருபோகக் குத்தகை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழான காணிப் பதிவேட்டில் பயிரிடுவோருக்கும் இடமுண்டு. வாய்ச்சொல் குத்தகை அதில் ஏறுவதில்லை. பசளை மானியமும் இழப்பீடும் ஆரம்பக் கூட்டத்துப் பேச்சுரிமையும் அப்பதிவேட்டின் வழியாகவே பாய்கின்றன.

அக்குத்தகை நெல்லாகவே கொடுக்கப்படவேண்டியிருந்தது, கொடுக்கப்பட்டது.

மார்ச் 10

டீசல் இல்லை. அறுவடை இயந்திரம் வரம்போரம் நிற்கிறது. அரிவாள் பிடிக்கத் தெரிந்த கைகளைத் தேடிப் பெரியவர்கள் அலைகின்றனர்.

ஜூலை 24

நான்கு மாதங்களுக்கு மேல் குறிப்பெழுத மனம் வரவில்லை. இந்தியக் கடனுதவியில் வந்த யூரியா சிறுபோகத்துக்குப் பகிரப்படுகிறது. பலரது பயிருக்கு அது பிந்தியது. கடவுச்சீட்டுக்காக விண்ணப்பித்தோரில், ஆற்றுவாழை இழுத்தவர்களும் இலை நிற அட்டை பிடித்தவர்களும் இருக்கின்றனர். இளைஞருக்கு விவசாயத்தில் ஆர்வமில்லை என்று மேடைகளில் இன்னும் பேசப்படுவதைக் கேட்கும்போது கோபமே எழுகிறது.

செப்டம்பர் 30

நாட்டின் பெரும்போக நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. கடவுச்சீட்டு, கத்தாரிலிருந்து திரும்பிய அவ்விளைஞரின் கைக்கு வந்துவிட்டது. தங்கையின் திருமணம் ஆவணியில் நிறைவேறியது. மைத்துனர் வயலை அவரிடமே குத்தகைக்கு விட விரும்புகிறார். போவதா, விதைப்பதா என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை.

ஆரம்பக் கூட்டத்துக்கான அறிவித்தல் காணிக்காரரின் பெயருக்கு வந்திருக்கிறது. அக்கூட்டத்தில் கையொப்பமிடும் ஏட்டில், காணியின் சொந்தக்காரர் பெயருக்கு அருகே அப்போகத்தில் அதைச் செய்பவரின் பெயரையும் எழுத ஒரு நிரல் சேர்க்கப்படவேண்டும். அதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. படுவான்கரையின் கமக்காரர் அமைப்புகள் இதனை இப்பெரும்போகத்திலேயே தொடங்கட்டும்.