எந்த மின்விசிறியை நிறுத்துவது?

பீளமேடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மணிக்கு,

பெரியப்பன் எழுதுவது. நீ அனுப்பிய ஆராய்ச்சித் தாள்களை உன் தம்பி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். காகிதத்தை மிச்சம் பிடிப்பது பற்றிய கட்டுரையைக் காகிதத்திலேயே படித்தேன் என்று கோவித்துக்கொள்ளாதே, போனில் எழுத்து எனக்குத் தெரிவதில்லை.

ஆபீஸில் லைட்டை அணைக்கிற, குப்பையைப் பிரித்துப் போடுகிற ஊழியர்கள் வேலையில் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று சர்வே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்த பெரியப்பனுக்கு இதில் என்ன ரோசனை என்றும் கேட்டாய். இருப்பது ஒரே ரோசனைதான். செய்கிறவன் உடம்புக்குச் சுகம் தருகிற சிக்கனமாக இருந்தால் யாரும் சொல்லாமலே செய்வான். அவன் உடம்பைப் பிடுங்கிச் செய்கிற சிக்கனமாக இருந்தால் மேனேஜர் தலை மறைந்ததும் விட்டுவிடுவான்.

நீ மில் உள்ளே வந்ததில்லை. புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சைப் பிரிக்கும்போது கிளம்புகிற தூசி இருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரிகிற பறக்கும் பஞ்சு மட்டுமல்ல. தெரியாத பொடிதான் நெஞ்சுக்குள் போகும். வாரம் முழுக்க வேலை பார்த்தவன் ஒரு நாள் லீவு எடுத்துவிட்டுத் திரும்ப ஷெட்டுக்குள் நுழைந்தால், அன்றைக்குத்தான் நெஞ்சு அதிகமாக இறுக்கும். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் குறையும். பிசினோசிஸ் என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. 'லீவு போட்டா ஒடம்பு கெட்டுப் போவுது' என்று வயசான ஜாபர்கள், அதாவது மேஸ்திரிகள், சொல்லுவார்கள். லீவைக் குற்றம் சொன்னார்கள் பாவம், தூசியைச் சொல்லவில்லை.

பிற்பாடு கார்டிங் மெஷினுக்கு மூடி போட்டு, தூசியை உறிஞ்சி ஃபில்டர் ரூமுக்குக் கொண்டுபோகிற ஏற்பாடு வந்தது. முதலாளி அதை எதற்கு வைத்தார்? பாதிக் காரணம் நூலின் தரம். உறிஞ்சிப் பிடித்த கழிவுப் பஞ்சுக்கும் விலை உண்டு. ஓப்பன் எண்ட் மில்காரர்கள் வாங்கிப்போய் அதிலேயே நூல் போட்டுவிடுவார்கள். ஜமுக்காளமும் போர்வையும் கையுறையும் ஆகிற நூல். ஆக, வீணாகப் பறந்தது காசானது, காற்றும் சுத்தமானது, கார்டிங்காரனுக்கு இருமல் குறைந்தது. இதில் எது சுற்றுச்சூழல், எது தொழிலாளர் நலம் என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது.

1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தை எழுதியவர்களும் பிரிக்கவில்லை. உடல்நலம் என்று ஓர் அத்தியாயம் அதில். 11-ஆம் பிரிவு சுத்தம், 12 கழிவும் கழிவுநீரும் அகற்றுவது, 13 காற்றோட்டமும் வெப்பமும், 14 தூசியும் புகையும், 15 செயற்கை ஈரப்பதம். கழிவுநீரைத் தொழிலாளியின் உடல்நலக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். சேப்டி ஆபீசர் வரும் நாட்களில் எங்களுக்கு இந்த நம்பரெல்லாம் மனப்பாடம்.

நான் பார்த்த வேலைக்கு வருகிறேன். நூலைக் கோனில் சுற்றுகிற ஆட்டோகோனருக்கெல்லாம் கம்ப்ரஸர் காற்று வேண்டும். கம்ப்ரஸருக்குள் போகிற கரண்டில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும், மிஞ்சுவதுதான் காற்று. அந்தக் காற்றும் பைப் ஜாயிண்டில் 'புஸ்' என்று ஒழுகினால் வயிறு எரியாதா? 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி மாளவில்லை. அப்போதுதான் ஒழுகலை அடைக்கிற வேலையை எங்கள் மில் கையில் எடுத்தது. மெஷின் நின்றிருக்கிற நேரத்தில் சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷுமாகப் போவோம். குமிழி வருகிற இடத்தில் அட்டை கட்டுவோம்.

ஒழுகல் எங்கே என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் மெஷின் ஓட்டுகிற பெண்கள்தான். எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அல்லவா? 'அந்த மூணாவது மெஷினு பின்னாலீங்ணா' என்று கைகாட்டுவார்கள். ஷெட் இரைச்சலில் காதில் வாய் வைத்துக் கத்தினாலொழிய பேச்சு கேட்காது, எல்லாம் சைகைதான். அவர்கள் காட்டிய இடத்தை அன்றைக்கே அடைத்துவிட்டால் அடுத்த நாள் இன்னும் இரண்டு இடம் காட்டுவார்கள். ஒரு வாரம் கிடப்பில் போட்டால் பிறகு காட்டவே மாட்டார்கள். காட்டிய இடம் அடைபட்டதும் முகத்தில் ஒரு தெளிச்சி வரும் பார், அதை உன் சர்வேயில் எந்தக் கேள்வி பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் குறைந்தது ஒரு பக்கம். தன் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது என்பது பெரிய பக்கம்.

இதற்கு நேர் எதிரானதையும் பார்த்திருக்கிறேன். ஒரு மில்லில் (பெயர் வேண்டாம்) மின்சாரச் சிக்கன வாரம் கொண்டாடினார்கள். பேட்ஜ் குத்தினார்கள், உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு சாப்பாட்டு ரூம் மின்விசிறியில் பாதியை நிறுத்தினார்கள். அரை நைட் ஷிப்ட் முடித்து வேர்த்து விறுவிறுத்து வந்து உட்காருகிற இடம் அது. மேலே மேனேஜர் அறையில் ஏசி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. மாசக் கடைசியில் யூனிட் குறைந்தது, கப்பும் வாங்கினார்கள். ஆனால் அதற்குப் பிறகு 'சிக்கனம்' என்று யார் சொன்னாலும், நிறைந்த நூல் கண்டுகளைக் கழற்றுகிற டாஃபர் பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் அந்த இடத்தில் எந்தப் பசுமையும் முளைக்காது.

கம்பெனி பசுமையாக இருப்பது வேறு, ஆள் பசுமையாக நடப்பது வேறு என்பதையும் குறித்துக்கொள். நம் பக்கத்து மில்காரர்கள் உடுமலையிலும் முப்பந்தலிலும் காற்றாலை வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஷெட்டில் ஸ்பின்னிங் பார்க்கிற சைடருக்கு அதனால் எதுவும் மாறவில்லை, அவருக்கு அது தெரியவும் தெரியாது. நோட்டீஸ் போர்டில் காற்றாலைப் படம் ஒட்டினால் ஆட்கள் பூரித்துப் போவார்கள் என்று நினைக்காதே.

திருப்பூரையும் மறக்கக் கூடாது. சாயக் கழிவு நொய்யலைக் கெடுத்தது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீரால் கீழே இருந்த விவசாயி நொந்தான். சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற விதியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அது சரியான உத்தரவு என்றுதான் நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் பட்டறையில் வேலை பார்த்தவனுக்கு அது வேலை போன நாள். கழிவை வெளியே விட முடிவெடுத்தது அவனா? ஆற்றைக் காப்பாற்றுகிற செலவில் அவன் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடவில்லை. அவனிடம் போய்ச் சுற்றுச்சூழலும் மனநிறைவும் பற்றிக் கேள்வித்தாள் நீட்டினால் என்ன பதில் வரும்?

இனி உன் தாள்கள். மகாலி டெல்மாஸும் சானியா பெகோவிச்சும் பிரான்ஸ் நாட்டுக் கம்பெனிகளை வைத்துச் செய்தது எனக்குப் பிடித்தது. சுற்றுச்சூழல் தரச் சான்று எடுத்த கம்பெனிகளில் ஆள் ஒன்றுக்கு உற்பத்தி 16 சதவீதம் அதிகம் என்கிறார்கள். அப்படிச் சான்று எடுக்கிற கம்பெனி ஆட்களுக்குப் பயிற்சியும் அதிகம் கொடுக்கும், ஒருவரோடு ஒருவர் கலந்து பேசவும் விடும் என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் பலன் சான்றிதழுக்கா, பயிற்சிக்கா? ஹார்வர்டின் ஜோசப் ஆலன் குழு செய்தது இன்னும் நேரடியானது. 24 பேரை ஓர் அலுவலகத்தில் உட்காரவைத்து, அவர்களுக்குச் சொல்லாமல் உள்ளே விடுகிற காற்றை மட்டும் நாளுக்கு நாள் மாற்றியிருக்கிறார்கள். காற்று நன்றாக இருந்த நாட்களில் யோசிக்கிற திறனுக்கான மதிப்பெண் 61 சதவீதம் கூடுதல். வெளிக்காற்றை இன்னும் தாராளமாக விட்டபோது இரட்டிப்பு. ஆனால் அம்மணி, இது ஆட்களின் பழக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி இல்லை, கட்டிடத்தின் காற்றைப் பற்றியது. உன் மேலதிகாரி இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார், விடாதே.

பிஸ்ஸிங்-ஓல்சன் என்ற பெண்மணியும் கூட்டாளிகளும் 2013-இல் எழுதியதுதான் உனக்கு நேராக உதவும். ஊழியர்களை நாள்தோறும் குறிப்பு எழுத வைத்திருக்கிறார்கள். மனசு நிம்மதியாக இருந்த நாளில், வேலையோடு சேர்ந்த சுற்றுச்சூழல் காரியங்களை ஆட்கள் அதிகம் செய்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். கவனி, அவர்கள் கணக்கில் நிம்மதி முன்னால் வருகிறது, லைட்டை அணைப்பது பின்னால். உன் ஆபீஸ் நினைப்பது தலைகீழ். லைட்டை அணைக்கிறவர் சந்தோஷமாக இருப்பதாக உன் சர்வே காட்டினால், சந்தோஷமாக இருப்பவர்தான் லைட்டை அணைக்கிறார் என்றும் அதைப் படிக்கலாம். ஒரே நாளில் எடுக்கிற சர்வே இதைப் பிரித்துச் சொல்லாது. ஆறு மாதம் விட்டு அதே ஆட்களிடம் மறுபடி கேட்கவாவது அனுமதி வாங்கு.

காகிதக் கப்பை நிறுத்தி எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். நல்லது. அந்த டம்ளரையெல்லாம் கழுவுவது யார்? ஹவுஸ்கீப்பிங் பெண்கள்தானே? கூட ஓர் ஆள் போட்டார்களா, இல்லை இருக்கிறவர்கள் தலையிலேயே கட்டினார்களா? குப்பையை மூன்று டப்பாவாகப் பிரிக்கச் சொன்னால் மேலே இருக்கிறவர்கள் அவசரத்தில் ஒன்றில் கொட்டிவிட்டுப் போவார்கள், கீழே கையை விட்டுப் பிரிக்கிறவர் வேறொருவர். பிரித்தவருக்குக் கையுறை இருக்கிறதா என்று பார்.

அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், அதனால் சர்வே பட்டியலில் வரமாட்டார்கள் என்று போனில் சொன்னாய். சேர்த்துக்கொள், கண்ணு. படிக்கத் தெரியாதவர்களுக்கு நீயே உட்கார்ந்து கேள்வியை வாசித்துக் காட்டு. ஆபீஸில் எது வீணாகிறது என்று முதலில் அவர்களைக் கேள், அவர்கள் காட்டுகிற முதல் இடத்தை அந்த வாரத்திலேயே சரிசெய்து கொடு. உன் மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எனக்கு எழுது.

நோம்பிக்கு வரும்போது பேசலாம்.

உன் பெரியப்பன்.