ஹைபிரிட் காரும் ஊகத்தில் பார்க்கும் வைத்தியமும்

இலங்கையில் எந்த ஊர் வீதியில் நின்று பார்த்தாலும் நாலைந்து நிமிடத்துக்குள் ஒரு ஹைபிரிட் கார் சத்தமில்லாமல் கடந்து போகும். பெரும்பாலானவை ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் கார்களுக்கு வயதும் ஏறியது, விலையும் ஏறியது! விற்றுவிட்டுப் புதிது வாங்க முடியாதவர்கள் இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓடினார்கள். இன்றும் ஓடுகிறார்கள்.

சிக்கல் அந்தத் திருத்துகிற இடத்தில்தான். டாஷ்போர்டில் ஒரு சிவப்பு முக்கோணம் எரிந்தால் போதும், "பற்றரி போயிட்டுது, மாத்த வேணும்" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். பெரிய பற்றரி என்றால் செலவு இலட்சக் கணக்கில். உண்மையாகவே போய்விட்டதா என்று சொந்தக்காரருக்குத் தெரியாது. மாற்றிய பிறகும் தெரியாது!

பொருளியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. 1973இல் டார்பி, கார்னி என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இப்படியானவற்றை 'நம்பிக்கைப் பண்டம்' என்ற கருத்தில் விளக்கினார்கள். மாம்பழத்தைத் தின்றால் இனிப்பா புளிப்பா என்று தெரிந்துவிடும். வைத்தியமும் வாகனத் திருத்தமும் அப்படியல்ல. காசு கொடுத்து முடிந்த பிறகும் அது தேவைதானா என்று வாங்கியவரால் சொல்ல முடியாது. விற்பவரே நோயையும் சொல்கிறார், மருந்தையும் விற்கிறார். இதிலிருந்து தப்ப ஒரே வழி, ஊகத்துக்கு இடம் கொடுக்காமல் அளந்து பார்ப்பது. அதுவும் மலிவான சோதனையில் தொடங்கி!

ரொயோட்டா பிரியஸையே எடுத்துக்கொள்வோம். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறையிலும் 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையிலும் இரண்டு பற்றரிகள் உண்டு. பெரியது 201.6 வோல்ற். 28 சிறு தொகுதிகளைத் தொடராக இணைத்தது. சின்னது சாதாரண 12 வோல்ற் பற்றரி, பின்பக்கம் சாமான் வைக்கும் இடத்தின் ஓரத்தில் ஒளிந்திருக்கும். காரை உருட்டுவது பெரியது. ஆனால் கணினிகளை எழுப்புவதும், பெரிய பற்றரியின் மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேக்களை இயக்குவதும் சின்னதுதான். சின்னது தளர்ந்தால் சம்பந்தமே இல்லாத விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும், கார் இயங்க மறுக்கும். யானை படுத்துவிட்டது என்று ஊரே கூடி நிற்கும், பிரச்சினை பாகனுக்குத்தான்!

ஆகவே முதல் சோதனை ஒரு சாதாரண மீற்றரால். காரை நிறுத்திச் சில மணித்தியாலம் விட்டு அளந்தால் சின்னப் பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்ட வேண்டும். 12க்குக் கீழே என்றால் சார்ஜ் இறங்கிவிட்டது. கார் தயார் நிலைக்கு வந்த பிறகு 14 வோல்ற் அளவில் இருக்க வேண்டும். இந்தக் காரில் ஒல்ரனேற்றர் கிடையாது. பெரிய பற்றரியின் மின்சாரத்தைக் குறைத்துச் சின்னதை நிரப்ப ஒரு மாற்றி இருக்கிறது. 14 காட்டாவிட்டால் அந்தப் பக்கம் தேட வேண்டும்.

அடுத்தது ஏசி. சாதாரணக் காரில் கொம்பிரசரை எஞ்சின் பெல்ற் சுற்றும். பிரியஸில் அதைச் சுற்றுவது பெரிய பற்றரியின் மின்சாரம். எஞ்சின் நின்றாலும் குளிர் வருவது அதனால்தான். குளிர் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது கபின் பில்ரர், முன்னால் இருக்கும் கொண்டென்சரில் படிந்த தூசு, அதன் பிறகே காஸ். காஸின் மொத்த அளவே ஏறக்குறைய அரைக் கிலோதான். "கொஞ்சம் கூட அடிச்சு விடுங்கோ" என்பது இங்கே கெடுதல்.

அதைவிடப் பெரிய ஆபத்து எண்ணெய். கொம்பிரசருக்குள் எண்ணெய் மின்சுருளோடு சேர்ந்தே இருப்பதால் மின்சாரத்தைக் கடத்தாத எஸ்டர் வகை எண்ணெய்தான் போட வேண்டும். சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் பிஏஜி எண்ணெய் கலந்தால் மின்காப்பு குறைந்துவிடும். கணினி அதை மின்கசிவு என்று கண்டு பி0ஏஏ6 என்ற குறியீட்டைப் பதியும். ஏசிக்குச் செய்த வேலை, பற்றரிக் கோளாறு போல வந்து நிற்கும்!

இந்தக் குறியீட்டுக்கு உட்குறியீடும் உண்டு. 611 என்றால் ஏசிப் பக்கம், 612 பற்றரிப் பக்கம், 613 மோட்டர்கள் இருக்கும் கியர்ப் பகுதி, 614 உயர் வோல்ற் வயர்களும் இன்வேர்ட்டரும் உள்ள பகுதி. மலிவான ஸ்கானர்கள் பலவற்றில் பி0ஏஏ6 மட்டுமே தெரியும், உட்குறியீடு தெரியாது. அந்த மூன்று இலக்கத்தைப் பார்க்காமல் பற்றரியை மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு அறுவைச் சிகிச்சை செய்வது மாதிரி.

பி0ஏ80 என்ற குறியீட்டின் விளக்கமே "பற்றரித் தொகுதியை மாற்றவும்" என்றுதான் வரும். அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தொகுதிகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் களிம்பு பிடித்தாலும் அளவீடு பிழைக்கும். பின் சீற்றின் ஓரத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது. அதன் வழியாகக் காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் பெரிய பற்றரி குளிர்கிறது. அது தூசியால் அடைபட்டாலோ, மேலே பையை வைத்தாலோ பற்றரி சூடாகும், ஆயுள் குறையும். நம்முடைய வெயிலில் ஏசி பழுதான காரை மாதக் கணக்கில் ஓட்டினாலும் பற்றரிக்குச் சூடான காற்றுத்தான் கிடைக்கும். ஏசி இங்கே ஆடம்பரம் மட்டுமல்ல.

ஒரு எச்சரிக்கை. மீற்றரால் அளக்கலாம் என்றது 12 வோல்ற் பக்கம் மட்டும். செம்மஞ்சள் நிற வயர்களை வீட்டில் யாரும் தொடக் கூடாது. பயிற்சி பெற்றவர்கூட முதலில் காரை நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வைத்து, 12 வோல்ற் பற்றரியின் எதிர் முனையைக் கழற்றி, மின்காப்புக் கையுறையோடு சேர்விஸ் பிளக்கை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு 10 நிமிடம் காத்திருப்பார். கொள்ளளவிகளில் தேங்கிய மின்சாரம் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். பிளக் பையில் இருப்பது வேறு யாரும் மறந்துபோய் மாட்டிவிடாமல் இருக்க! இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்காத கராஜில் காரை விடாதீர்கள், அங்கே வேலை செய்யும் பெடியனின் உயிருக்காகவாவது.

மற்றபடி சொந்தக்காரர் பொறியியல் படிக்கத் தேவையில்லை. மூன்று கேள்வி போதும். சின்னப் பற்றரி எத்தனை வோல்ற் காட்டியது? குறியீடும் உட்குறியீடும் என்ன? கழற்றிய பழைய பாகம் எங்கே? பதிலைக் கடுதாசியில் எழுதி வாங்குங்கள். அளந்து பார்த்த மெக்கானிக் உடனே எழுதித் தருவார். அளக்காதவர் கோபப்படுவார். எந்தக் கராஜில் காரை விடலாம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.