தொட்டிக்குள் இட்ட கட்டை

எங்கள் பள்ளியின் அறிவியல் மூலையில் கண்ணாடி மீன்தொட்டி ஒன்றை அமைக்க நாங்கள் எண்ணியபோது, எல்லாரும் மீன்களைப் பற்றியே பேசினோம். தொட்டியில் இடவேண்டிய மரக்கட்டையைப் பற்றி எவரும் பேசவில்லை. ஆயினும் மீன்களைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரு பிற்பகலே தேவைப்பட்டது. கட்டையைப் பக்குவப்படுத்தவோ ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரங்களின் செய்தியையே மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் தோட்டப் பாட்டாளிப் பெருமக்களுக்கும் இங்கே கூற விழைகின்றோம்.

மீன்தொட்டியில் கட்டை எதற்கு? அழகுக்காக என்று மட்டும் கருதிவிடலாகாது. அஞ்சிய மீன் ஒளிந்துகொள்ள அஃது இடம் தருகின்றது. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுப் பொருளை மாற்றிவிடும் நுண்ணுயிர்கள் அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் தங்கி வாழ்கின்றன. அயல்நாட்டு மீன் கடைகளிலும் ‘மலேசியக் கட்டை’ என்ற பெயரில் ஒருவகை விற்கப்படுவது நம் மாணவர்கள் பலருக்கு வியப்பூட்டிய செய்தியாகும்.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மறுநாளே ஒரு வேரைத் தூக்கி வந்தான். மான் கொம்பைப் போலக் கிளைத்து, பார்ப்பதற்கு மிக நேர்த்தியாக இருந்தது. செம்பனை வெளிக்காட்டின் ஓரத்திலுள்ள கால்வாயில் அதனைக் கண்டெடுத்ததாகக் கூறினான். அதைத் தேய்த்துக் கழுவ ஆயத்தமான வேளையில், முதலாம் ஆண்டில் பயிலும் தம் மகளை அழைத்துச் செல்ல வந்திருந்த தாயார் ஒருவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“ஐயா, இது எந்தக் கால்வாயில் கிடந்ததென்று தம்பியிடம் கேட்டீர்களா?” என்றார். இடத்தைச் சொன்னோம். “மருந்தடித்துவிட்டு நாங்கள் பம்பு கழுவுவது அங்கேதான். அந்தத் தண்ணீரில் நாங்கள் காலைக்கூட நனைப்பதில்லை” என்றார்.

அவ்வம்மையார் பல ஆண்டுகளாகக் களைக்கொல்லி தெளிக்கும் வேலை செய்பவர். எந்த நூலையும் புரட்டாமல், கட்டையைப் பற்றிய முதற்பாடத்தை அவரே எங்களுக்குக் கற்பித்தார். மரம் கடற்பஞ்சைப் போன்றது; எந்த நீரில் கிடந்ததோ அந்த நீரில் உள்ளவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்று பலர் எண்ணுகின்றனர். கொதிநீர் புழுவையும் பூச்சியையும் நத்தை முட்டையையும் கொல்லும். மரத்துக்குள் ஊறிய நஞ்சை வெளியேற்றும் என்பதற்கு உறுதியில்லை. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 சனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் வேறு களைக்கொல்லிகள் வழக்கில் இருக்கவே செய்கின்றன. நாலு மீன்களுக்காக இத்தனை அச்சம் கொள்ளும் நாம், அம்மருந்தை நாள்தோறும் கலந்து முதுகில் சுமப்பவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் குளிக்க நல்ல நீரும் தவறாமல் கிடைக்கின்றனவா என்று கேட்பதும் முறையே அன்றோ? அந்த வேரை விறகாக எரிக்கவும் நாங்கள் இடங்கொடுக்கவில்லை.

அடுத்து மாணவர்கள் சொன்ன மரம், எதிர்பார்த்தபடியே, பால்மரம். நம் முன்னோர்க்குச் சோறு போட்ட மரமாயினும் தொட்டிக்கு அது ஆகாது. அதன் கட்டையில் மாச்சத்து மிகுதி. ஆதலால் பூஞ்சணமும் துளைப்பூச்சியும் விரைவில் பற்றிக்கொள்ளும். இதனாலேயே ஆலைகளில் அதனை அறுத்தவுடன் போரிக் உப்பு மருந்திட்டுப் பின்னரே நாற்காலி, மேசை செய்கின்றனர். அவ்வாறு மருந்திட்ட துண்டும் மீனுக்கு ஏற்றதன்று. செம்பனைத் தண்டோ நாரும் சோறுமாக இருப்பது. நீரில் கிடந்தால் கூழாகிவிடும். பழைய தண்டவாளக் கட்டையில் கீல் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அதை நெருங்கவே வேண்டா. கடற்கரையில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும். வனக்காப்பிடங்களில் அனுமதியின்றி எதையும் எடுத்தல் குற்றமாகும்.

இறுதியில் பெற்றோர் ஒருவரின் சொந்தப் பழத்தோப்பில், பல ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போன கொய்யாமரத்தின் வேர் எங்களுக்குக் கிடைத்தது. தோப்பினூடே ஓடும் சிற்றோடையில் அது கிடந்தது. ஓடைக்கு மேற்புறம் வேறு தோட்டமில்லை. அவரும் மருந்து தெளிப்பதில்லை. மரம் இன்னதென்றும், கிடந்த இடம் இன்னதென்றும் தெரிந்திருந்ததே எங்களுக்குப் பெரிய ஆறுதல். பெரியவர் இருவர் கையுறையும் காலணியும் அணிந்து அதனை எடுத்து வந்தனர். எலியின் சிறுநீர் கலந்த நீரால் கொடிய காய்ச்சல் பரவுமாதலால், மாணவர்களை ஓடையில் இறங்க விடவில்லை.

நகத்தால் அழுத்திப் பார்த்தோம். பள்ளம் விழுந்த பகுதிகள் உளுத்தவை. அவற்றை வெட்டி நீக்கினோம். எஞ்சியிருந்த பட்டையையும் உரித்தோம். பச்சை மரத்தையும் பட்டையையும் தொட்டியில் இட்டால், அவை அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பின்னர்த் தேங்காய் நாரினால் தேய்த்தோம். சவர்க்காரம் ஒரு துளியும் சேர்க்கவில்லை. சமையலுக்கு இனிப் பயன்படாத பழைய அண்டா ஒன்றில் இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்தோம். அடுப்பருகே பெரியவர்களே நின்றனர்.

அதன் பிறகுதான் பொறுமைக்குச் சோதனை வந்தது. கட்டையை நீர் நிறைந்த தொட்டியொன்றில் ஊறப் போட்டோம். மறுநாட் காலையில் நீர் கோப்பி நிறமாக மாறியிருந்தது. மரத்திலுள்ள தானின் என்னும் துவர்ப்புப் பொருளே அதற்குக் காரணம். மூன்றாவது வாரத்தில் அது ‘தே ஓ’ நிறத்திற்கு வந்தது. ஆறாவது வாரத்தில் வைக்கோல் நிறமாக வெளுத்தது. ஆனால் கட்டை மட்டும் மிதந்துகொண்டே இருந்தது. மரத்தின் நுண்ணறைகளில் அடைபட்டுள்ள காற்று வெளியேறி அவ்விடத்தை நீர் நிரப்பினாலன்றி அது மூழ்காது. சிறுவர்கள் நாள்தோறும் அதை அழுத்திப் பார்த்து, அது மீண்டும் மேலெழுவதைக் கண்டு சலித்துக்கொண்டனர். பாறைத் துண்டில் கட்டி உடனே அமிழ்த்திவிடலாம் என்று கடைக்காரர் கூறினார். அதுவும் நல்ல வழியே, எங்களுக்கு அவசரமில்லை.

ஊறவைக்கும் தொட்டி கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும் என்பதை மறவாதிருங்கள்! ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம் நாட்டு வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள்களே போதும். கொசுப்புழு வளர இடங்கொடுப்போர்க்கு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் 1975இன் கீழ்த் தண்டம் விதிக்கப்படும். டெங்கிக் காய்ச்சல் அத்தண்டத்தினும் கொடியது. ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றினோம். நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் சுவரையும் தேய்த்துக் கழுவி, மேலே நுண்வலை கட்டினோம்.

சிறிதளவு பழுப்பு நிறம் நீரில் தங்கினால் தீங்கில்லை. பகாங் மாநிலத்துத் தாசேக் பெரா ஏரியின் நீர் இயற்கையாகவே கருமையானது. மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமாக 1994ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அவ்வேரியில் மீன்வளம் மிகுதி. உடலின் பின்பாதியில் கரிய முக்கோணம் தீட்டினாற்போன்ற ரஸ்போரா மீன், நம் தீபகற்பத்துச் சதுப்புக் காட்டு ஓடைகளில் இயற்கையாக வாழ்வது. துவர்நீர் அதற்கு உகந்தது. கப்பி மீனோ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. சற்றே கடினமான நீரை விரும்புவது. கப்பி வளர்ப்போர் பெரிய கட்டையை இடாதிருத்தல் நன்று. நாங்கள் ரஸ்போராவையே தேர்ந்தோம்.

ஏழாவது வாரத்தின் திங்கட்கிழமையன்று கட்டை அடியில் கிடந்தது. அதைத் தொட்டிக்குள் இட்ட நான்காம் நாள், அதன்மேல் வெண்ணிறக் கொழகொழப்பு படர்ந்தது. மாணவர்கள் கலங்கினர். புதிய கட்டையில் எஞ்சிய சத்தை உண்டு வளரும் பூஞ்சணமும் நுண்ணுயிரும் அவை. மீனுக்குக் கேடு செய்யா. பழைய பல்துலக்கி ஒன்றினால் தேய்த்து அகற்றினோம். மும்முறை தோன்றி, மூன்றாம் வாரத்தில் தானே மறைந்தது. இப்பொழுது ரஸ்போரா பன்னிரண்டும் வேரின் வளைவுக்குக் கீழே கூட்டமாகத் திரிகின்றன. பள்ளிக்கு வரும் பெற்றோர்கள் வந்து காணலாம். கண்ணாடியைத் தட்டாமல் இருந்தால் அவை வெளியே வரும்.