கோவா போறீங்களா? பீச்சுக்கு முன்னாடி இந்தக் 'கடல் பருந்தை'ப் பாருங்க!

டபோலிம் விமான நிலையத்தில் இறங்கியதும் வாடகை ஸ்கூட்டர், பாகா பீச், மீன் வறுவல் என்றுதான் மனம் ஓடும். ஆனால், நீங்கள் இறங்கிய ஓடுபாதையே கடற்படையுடையது. தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். ஹன்சா. அங்கிருந்து போக்மாலோ கடற்கரைக்குப் போகும் சாலையில்தான் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-ல் திறந்தார்கள்.

உள்ளே போனதும் குழந்தைகள் ஓடுவது சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற பெரிய விமானத்தை நோக்கி. அடுத்த கூட்டம், நின்ற இடத்திலேயே செங்குத்தாக இறங்கக்கூடிய சீ ஹாரியருக்கு. இவற்றோடு ஒப்பிட்டால் சாதுவாகத் தெரியும் ஒரு குட்டி ஜெட்டும் நிற்கிறது. அதுதான் சீ ஹாக். தமிழில் சொன்னால், கடல் பருந்து. நீளம் சுமார் 12 மீட்டர், நம்ம ஊர் பஸ் அளவுதான்.

கொஞ்சம் நின்று பாருங்கள். இன்ஜினுக்குக் காற்று போகும் வாய் மூக்கில் இல்லை. இரண்டு இறக்கைகளும் உடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது. புகை வெளியேறுவதும் வால் நுனியில் இல்லை. இறக்கைகளுக்குப் பின்னால், இரண்டு பக்கமும். இறக்கைகள் மேல்நோக்கி மடியும். கப்பலில் இடம் ஏது? வால் பக்கம் ஒரு கொக்கி. கப்பலின் தளத்தில் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியை அந்தக் கொக்கி பிடித்தால்தான் விமானம் நிற்கும். ஐ.என்.எஸ். விக்ராந்தின் மொத்த நீளமே 213 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கொக்கியைப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும்!

பிரிட்டனில் பிறந்தது சீ ஹாக். 1956 சூயஸ் போரில் அங்கே களமிறங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே பிரிட்டிஷ் கடற்படை இதை முன்வரிசையிலிருந்து ஒதுக்கிவிட்டது. நாமோ அப்போதுதான் வாங்க ஆரம்பித்தோம். 1960-ல் 'வெள்ளைப் புலிகள்' என்று அழைக்கப்படும் 300-வது படைப்பிரிவு இதைப் பெற்றது. 1961 மே 18 அன்று விக்ராந்தின் தளத்தில் முதல் ஜெட்டை இறக்கியவர் லெப்டினன்ட் தஹிலியானி. பின்னாளில் கடற்படையின் தலைமைத் தளபதியே ஆனார்.

கோயம்புத்தூர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு விஷயம்: ஹன்சா பிறந்தது கோவாவில் இல்லை, சூலூரில்! 1961 செப்டம்பரில் சீ ஹாக், வேம்பயர் விமானங்களோடு அங்கே தொடங்கப்பட்டது. அந்த டிசம்பரில் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கோவா விடுதலையான பிறகு, டபோலிம் கடற்படையின் கைக்கு வந்தது. 1964-ல் ஹன்சா இங்கே குடிபெயர்ந்தது.

1965 போரில் விக்ராந்த் கடலுக்கே போகவில்லை. பழுதுபார்க்க நிறுத்தியிருந்தார்கள். 1971-லும் அதே நிலைதான் வரும்போலிருந்தது. நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். கார் என்றால் மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம். விமானம் தாங்கிக் கப்பலுக்கு அது முடியாது. கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடினால்தான், மேலே ஏறும் விமானத்துக்குப் போதுமான எதிர்க்காற்று கிடைக்கும். விமானத்தைக் கவண் மாதிரி முன்னால் உந்திவிடும் கருவிக்கும் நீராவி வேண்டும்; அதுவும் பாய்லரிலிருந்துதான். நொண்டும் கப்பல், பிரிட்டன் என்றோ கைவிட்ட விமானம். இந்த ஜோடியை நம்பிப் போருக்கு அனுப்புவதா?

இந்த முறையும் துறைமுகத்திலேயே நின்றால், விக்ராந்தை வெள்ளை யானை என்பார்களே என்ற கவலை அப்போதைய தளபதி அட்மிரல் நந்தாவுக்கு இருந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார்கள்.

1971 டிசம்பர் 4 காலை. விக்ராந்திலிருந்து கிளம்பிய 8 சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார் விமானதளத்தைத் தாக்கின. அன்று மதியமே சிட்டகாங். அடுத்தடுத்த நாள்களில் குல்னா, மோங்லா என்று துறைமுகங்கள் குறிவைக்கப்பட்டன. கிழக்கு பாகிஸ்தானில் இருந்த படைக்குக் கடல் வழியாக உதவி வரவும் வழியில்லை, தப்பிப் போகவும் வழியில்லை. டிசம்பர் 16-ல் அந்தப் படை சரணடைந்தது. சில விமானங்கள் குண்டடி பட்டுத் திரும்பின. ஆனால் விக்ராந்தின் சீ ஹாக் ஒன்றுகூடச் சுட்டு வீழ்த்தப்படவில்லை. வெள்ளைப் புலிகளின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே.குப்தாவுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

சீ ஹாக்கின் இடத்துக்கு 1983 டிசம்பரில் சீ ஹாரியர் வந்தது. அதுவும் 2016 மே மாதம் இதே ஹன்சாவில் விடைபெற்றது. அந்தப் பழைய விக்ராந்தை நிரந்தர மியூசியமாக வைக்க வேண்டும் என்ற முயற்சி பலிக்கவில்லை. 2014-ல் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் குட்டி ஜெட் முக்கியமாகப் படுகிறது. போருக்குப் போன கப்பலின் தளத்தில் இன்று யாரும் ஏறி நிற்க முடியாது. இறக்கையைத் தட்டிப் பார்க்கும் தூரத்தில் விமானமாவது நிற்கிறது (தட்டாதீர்கள், காவலர் பார்ப்பார்!). கடல் காற்றும் கோவா மழையும் படும் திறந்தவெளியில் நிறுத்தியிருக்கிறார்களே, ஒரு கூரை போடக் கூடாதா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள்: திங்கட்கிழமை விடுமுறை. வெயில் ஏறும் முன் போவது நல்லது. வேளாங்கண்ணியிலிருந்து வாஸ்கோவுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. விமானத்தில் போகிறவர்கள் டிக்கெட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வட கோவாவில் மோபா என்ற இன்னொரு விமான நிலையம் வந்துவிட்டது. அங்கே இறங்கினால் இந்த இடம் ரொம்பத் தூரம்.