எங்களிட்ட இருந்த இரண்டு வாய்

பள்ளிக்கூட பாண்டில நாங்கள் மூன்று பேர் ட்ரம்பெற். தரம் 9இல் வாத்தியத்தைக் கையில தரேக்க, எந்தச் சுரத்துக்கு எந்த வால்வு எண்டு மட்டும் சொல்லித் தந்தார்கள். வாயைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை.

ஆனால் ட்ரம்பெற்றில விரலுக்கு வேலை கொஞ்சம்தான். ஒரு வால்வையும் அமத்தாமலே கீழ் சி, ஜி, நடுச் சி, அதுக்கும் மேல ஈ, ஜி எல்லாம் வரும். எது வரவேணும் எண்டதை உதடும் காற்றும்தான் தீர்மானிக்கும். எங்களுக்கு இது விளங்கவில்லை. மேல போக மவுத்பீஸை உதட்டில வைத்து அழுத்தினோம். கீழ வரேக்க வாயைத் தளரவிட்டோம். நடுச் சியில ஒரு வாயை விட்டு மற்ற வாய்க்குத் தாவேக்க சத்தம் உடையும்.

இல்ல விளையாட்டுப் போட்டி அணிநடையில அது ஊருக்கே கேட்டது. பத்து நிமிஷத்தில உதடு மரத்துப்போச்சு. மேல் ஜிக்கு வெறும் காற்று. பந்தலில சிரிச்சாங்கள். எங்களில ஒருத்தனுக்குப் பல்லுப் பட்டு உள்ளுதடு வெட்டி, மவுத்பீஸில இரத்தம். அதோட அவன் பாண்டை விட்டிட்டான். "எனக்கு உதடு சரியில்லையடா" எண்டான்.

உதட்டில ஒரு பிழையும் இல்லை. அழுத்தினால் உதட்டுக்கு இரத்தம் ஓடாது, அதிராது. பிறகு சத்தம் எங்கால வரும்? லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கே உதடு காயப்பட்டது. வாயைச் சுற்றியிருக்கிற தசை கிழியிறதுக்கு அவருடைய 'சச்மோ' எண்ட பட்டப்பெயரைத்தான் வைத்திருக்கினம்.

முந்தி பாண்டில வாசிச்ச அண்ணை ஒருத்தர் லீவில வந்து, இரண்டு மாசத்துக்கு மேல் சுரங்களைத் தொடவேண்டாம் எண்டார். கண்ணாடிக்கு முன்னால நடு ஜியை மட்டும் நீட்டி ஊதவேணும். கடைவாய் இறுக்கமாக, உதட்டின் நடு மெத்தெண்டு. பிறகு முகத்தைக் குலைக்காமல் அரை அரைச் சுரமாகக் கீழ் சி வரைக்கும். மேல ஏற நாக்கை 'ஈ' சொல்லுறமாதிரி உயர்த்தினால் காற்று வேகமாகும். சின்னவிரலைக் கொழுவியில போட விடவே இல்லை. போட்டால் கை தன்பாட்டில இழுத்து அழுத்துமாம். ஊதின நேரத்துக்கு அதேயளவு ஓய்வு. சரியான அலுப்பு! பக்கத்து வீட்டு ஆச்சி "வேற பாட்டுத் தெரியாதோ?" எண்டு கேட்டா.

இப்ப மேல் ஜி பத்துத் தரத்தில எட்டுத் தரம் வருது, கீழ் சி ஊதின அதே வாயால. மூன்றாவது ட்ரம்பெற் இன்னும் பாண்ட் அறை அலுமாரியிலதான் கிடக்குது. சனிக்கிழமை அவனை ஒருக்கா வரச்சொல்லியிருக்கிறம். கண்ணாடி எங்களிட்ட இருக்கு.